புதிதாக வாங்கிய செடி வீட்டில் பழகுவதற்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் தென்புறத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். என் செடிகள் மாடிப்படிக்குப் பக்கத்திலேயே நிற்பதால், போகிறவர்களும் வருகிறவர்களும் நின்று ஏதாவது கேட்பது வழக்கமாகிவிட்டது. கேட்பவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறவில்லை என்பதால், ஒரே பதிலைப் பலமுறை சொல்வதற்குப் பதிலாக எழுதி வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே முடிந்தவரை தந்திருக்கிறேன். இவையெல்லாம் வீட்டுக்குள் வளர்க்கும் இலைச்செடிகளைப் பற்றியவை. ரோஜா, மல்லிகை, செம்பருத்தி போன்ற வெயில் செடிகளுக்கு இவை பொருந்தா.

1. செடியை வாங்கி வந்தாயிற்று. முதலில் என்ன செய்ய வேண்டும்?

மிகக் குறைவாகவே செய்ய வேண்டும். சுற்றியிருக்கும் உறையையும் கயிற்றையும் அவிழ்த்துவிட்டு, இலைகளின் அடிப்புறத்தையும், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். பூச்சி தென்பட்டால் 11ஆம் கேள்விக்குச் செல்லுங்கள். பிறகு மண்ணைத் தொட்டுப் பாருங்கள். நர்சரிகளில் காலையிலேயே தண்ணீர் ஊற்றிவிடுவார்கள் என்பதால் பெரும்பாலும் ஈரமாகவே இருக்கும். ஈரமாக இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். வெளிச்சம் உள்ள, ஆனால் நேரடி வெயில் படாத ஓரிடத்தில் வைத்து, குறைந்தது இரண்டு வாரங்களுக்கு அங்கிருந்து நகர்த்தாமல் விட்டுவிடுங்கள்.

கொண்டு வரும் வழியிலேயே பாதிச் சேதம் நடந்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இருசக்கர வண்டியின் முன்பக்கம் நிறுத்திக் கொண்டுவந்தால், எதிர்க்காற்று இலைகளைக் கிழிப்பதோடு உலர்த்தியும் விடும்; பழைய வேட்டியையோ செய்தித்தாளையோ தளர்வாகச் சுற்றிக்கொள்ளுங்கள். கத்திரி வெயில் நாட்களில் மூடிய காருக்குள் செடியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். அப்படிப் போய் ஓர் அரிக்கா பாமை அவித்து எடுத்தவன் நான்.

2. நர்சரியில் தளதளவென்று இருந்த செடி, வீட்டுக்கு வந்ததும் வாடுகிறதே? ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. நம் ஊர் நர்சரிகளில் விற்கப்படும் இலைச்செடிகள் பெரும்பாலும் அங்கேயே வளர்ந்தவை அல்ல. ஆந்திரத்தில் ராஜமுந்திரிக்கு அருகிலுள்ள கடியம் பகுதியிலிருந்தோ, ஓசூர், பெங்களூர்ப் பக்கத்துப் பசுமைக் குடில்களிலிருந்தோ லாரியில் வந்து, சில வாரங்கள் இங்கே பச்சை நிழல்வலையின் கீழ் இருந்துவிட்டு உங்கள் கைக்கு வந்து சேர்கின்றன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரின் குளிர்ச்சியில் வளர்ந்த செடி, சில வாரங்களுக்குள் இரண்டு இடங்களுக்குப் பழக வேண்டியிருக்கிறது.

முக்கியமான மாற்றம் ஒளியில்தான். உச்சி வெயிலில் திறந்தவெளியின் ஒளி ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். முக்கால் பங்கை மறைக்கும் நிழல்வலையின் கீழும் இருபதாயிரத்துக்கு மேல் இருக்கும். நம் வரவேற்பறையில் சன்னலிலிருந்து பத்தடி தள்ளிப் போனால் சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். நம் கண் இருட்டுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. அதிக ஒளிக்காக உருவான தடித்த இலைகளைக் குறைந்த ஒளியில் வைத்திருப்பது செடிக்கு வருமானத்தை மீறிய செலவாகிறது. அதனால் சிலவற்றை உதிர்த்துவிட்டு, இந்த வீட்டின் ஒளிக்கு ஏற்றாற்போல் மெல்லிய, அகன்ற புதிய இலைகளை விடுகிறது. பழகுதல் என்று நான் சொல்வது இதைத்தான். 1970களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் அபோப்கா ஆய்வு மையத்தில், விற்பதற்கு முன்பே செடிகளை நிழலில் வைத்துப் பழக்கும் முறைகளை விரிவாக ஆராய்ந்தார்கள். நமக்கு இதில் ஒரு பயன் உண்டு: வாங்கும்போது வாசலில் வெயில்பட நிற்கும் செழிப்பான செடியைவிட, நர்சரியின் உட்புறத்தில் நிழலில் நெடுநாள் நின்ற செடியைத் தேர்ந்தெடுங்கள். கொஞ்சம் நோஞ்சானாகத் தெரிந்தாலும் அது பாதி பழகிவிட்ட செடி.

3. பழகுவதற்கு எத்தனை நாளாகும்?

பெரும்பாலான செடிகளுக்கு நான்கு முதல் எட்டு வாரங்கள். மணி பிளான்ட், சிங்கோனியம் போன்ற கொடிகள் இரண்டு மூன்று வாரங்களிலேயே புதிய இலை விட்டுவிடும். ஸ்நேக் பிளான்ட், இசட்.இசட். செடி ஆகியவை மூன்று மாதங்கள் அசையாமல் நிற்கக்கூடும், அதில் தவறில்லை. நாட்களை எண்ணுவதைவிட, உங்கள் வீட்டுக்கு வந்தபின் தோன்றிய முதல் இலை முழுதாக விரிந்து, கறையோ சுருக்கமோ இல்லாமல் நிற்கிறதா என்று பாருங்கள். வாங்கும்போதே மொட்டாக இருந்து இங்கே விரிந்த இலை கணக்கில் சேராது. அதற்கடுத்த இலையே சான்று.

4. எங்கள் வீட்டில் நல்ல வெளிச்சம் இருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் அல்லவா?

இந்தக் கேள்விக்குத்தான் மிகுந்த தயக்கத்தோடு பதில் சொல்கிறேன், ஏனெனில் வீட்டைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்கிறார்கள். செடி வைக்க நினைக்கும் இடத்தில் காலை பதினொரு மணிக்கு விளக்கைப் போடாமல் நில்லுங்கள். அங்கிருந்து பார்த்தால் வானத்தின் ஒரு துண்டாவது தெரிய வேண்டும். ஒரு வெள்ளைத் தாளின் மேல் கையை நீட்டினால், ஓரம் தெளிவில்லாவிட்டாலும் நிழல் என்று சொல்லும்படி ஒன்று விழ வேண்டும். வானமும் தெரியவில்லை, நிழலும் விழவில்லை என்றால் அது செடிக்கு இருட்டு. கைபேசியில் ஒளியளவு காட்டும் செயலிகள் துல்லியமானவை அல்ல என்றாலும், இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்க்கப் போதுமானவை. சன்னலிலிருந்து மூன்றடிக்குள் வைப்பதற்கும் எட்டடி தள்ளி வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒருமுறை அதில் பார்த்தவர்கள், அதன்பின் என்னிடம் வாதாடுவதில்லை.

திசையைப் பற்றி வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துக் குழம்ப வேண்டாம். லண்டனில் தெற்குச் சன்னலே ஆண்டு முழுவதும் வெயில் தரும் சன்னல். ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையிலுள்ள சென்னையில், ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கிறது. மார்கழியில் தெற்கே நன்றாகத் தாழ்ந்துவிடுகிறது. ஆகவே, தை மாதத்தில் வடக்குப் பால்கனியில் நிம்மதியாக இருந்த செடியை மே மாதத்தில் வெயில் நேராகத் தொடலாம். தெற்குச் சன்னலிலோ மார்கழி வெயில் அறைக்குள் வெகுதூரம் வரும். எல்லாச் செடிகளுக்கும் பொதுவாக ஒரிடம் சொல்லச் சொன்னால், கிழக்குச் சன்னலின் பக்கத்தைச் சொல்வேன். மேற்குச் சன்னலில் மெல்லிய வெள்ளைத் திரை இல்லாமல் புதுச் செடி வேண்டாம்.

5. பத்து நாளாகத் தினமும் ஓர் இலை மஞ்சளாகி விழுகிறது. செத்துவிடுமா?

எந்த இலை விழுகிறது என்பதைப் பொறுத்தது. தண்டின் அடியிலுள்ள பழைய இலைகள் மெதுவாக மஞ்சளாகி விழுந்து, நுனிக் குருத்து பச்சையாகவும் உறுதியாகவும் இருந்தால், அது 2ஆம் கேள்வியில் சொன்ன கணக்குச் சரிக்கட்டுதல்தான். ஃபைகஸ் பெஞ்சமினா என்ற சிற்றிலை அத்தி வகை இதில் பேர்போனது. இடம் மாறினால் பாதி இலைகளைக் கொட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல ஒன்றரை மாதத்தில் துளிர்க்கும். மஞ்சளான இலை தானாக உதிரும் வரை விடுங்கள். அதிலுள்ள சத்தில் ஒரு பகுதியைச் செடி திரும்ப எடுத்துக்கொள்கிறது.

கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு. மேலும் கீழுமாகப் பல இலைகள் ஒரே நேரத்தில் மஞ்சளாகி, மண் ஈரமாக இருக்கும்போதே செடி தொங்கினால், வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம். தண்டின் அடியை விரலால் அழுத்தினால் பஞ்சு போல அமுங்குவதும், மண்ணில் புளித்த வாடை வருவதும் அதை உறுதிப்படுத்தும். அப்போது காத்திருக்கக் கூடாது. 8ஆம் பதிலில் சொல்லும் விதிவிலக்குக்குப் போக வேண்டும்.

6. எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும்?

நாள் கணக்குச் சொல்ல மாட்டேன், சொல்லவும் முடியாது. ஐப்பசி மழைக் காலத்தில் பத்து நாட்களுக்கு ஈரம் காக்கும் அதே தொட்டி, மே மாதத்தில் மின்விசிறிக்குக் கீழே இருந்தால் மூன்று நாட்களில் காய்ந்துவிடும். ஆள்காட்டி விரலை இரண்டாவது மடிப்பு வரை மண்ணில் விடுங்கள். அங்கே உலர்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரம் தட்டினால் மறுநாள் பாருங்கள். ஸ்நேக் பிளான்ட், இசட்.இசட். போன்றவற்றுக்குத் தொட்டி முழுவதுமே உலர வேண்டும். தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது இன்னும் நல்ல வழி. நன்றாக ஊற்றிய அன்று ஒருமுறையும், காய்ந்த அன்று ஒருமுறையும் தூக்கினால், அதன்பின் கை எடை பழகிவிடும்.

ஊற்றும்போது அடித்துளை வழியாக வெளியேறும் வரை ஊற்றுங்கள். தினமும் அரை டம்ளர் என்று தெளிப்பது மேல்மண்ணை ஈரமாகவும் அடிவேரை வறட்சியாகவும் வைத்திருக்கும். தட்டில் தேங்கிய நீரை அரை மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். வேருக்காக மட்டுமல்ல, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அந்தத் தட்டளவு நீரே போதும்.

7. தண்ணீர் ஊற்றியதும் அடியில் வழிந்துவிடுகிறது. ஆனாலும் செடி வாடியே இருக்கிறது. ஏன்?

வேரைச் சுற்றியுள்ள கட்டியைப் பாருங்கள். நம்மிடம் வரும் செடிகளில் பொதுவாக இரண்டு வகைக் கட்டிகள் உண்டு. ஒன்று, களிமண்ணோ செம்மண்ணோ இறுகிய உருண்டை. தொட்டியின் மற்ற மண் நனைந்தாலும் இந்த உருண்டையின் நடுப்பகுதி செங்கல் போல உலர்ந்தே இருக்கும். மற்றொன்று, கோகோபீட் எனப்படும் தேங்காய் நார்த்தூள். இது முழுதாகக் காய்ந்துவிட்டால் சுருங்கித் தொட்டியின் விளிம்பை விட்டு விலகிவிடுகிறது, ஊற்றும் நீர் அந்த இடைவெளியில் ஓடிவிடுகிறது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. ஒரு வாளியில் தொட்டியின் பாதி உயரத்துக்கு நீர் நிரப்பி, செடியைத் தொட்டியோடு அதில் இருபது முப்பது நிமிடங்கள் வைத்து, மேல்மண் ஈரமாகத் தெரிந்ததும் எடுத்து வடியவிடுங்கள். களிமண் உருண்டையாக இருந்தால், வைப்பதற்கு முன் மெல்லிய குச்சியால் நான்கைந்து இடங்களில் மெதுவாகத் துளையிடலாம்.

8. வாங்கிய அன்றே அழகான தொட்டிக்கு மாற்றிவிடலாமா?

வேண்டாம். ஒளி, வெப்பம், ஈரப்பதம் ஆகிய மூன்றும் மாறிய வாரத்திலேயே வேரையும் கலைப்பது, வீடு மாறிய அன்றே விருந்து வைப்பதற்குச் சமம். மூன்று நான்கு வாரங்கள் வந்த தொட்டியிலேயே இருக்கட்டும். அழகு தேவையென்றால் நர்சரித் தொட்டியை அப்படியே பெரிய தொட்டிக்குள் இறக்கி வையுங்கள். உள்ளே நீர் தேங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விதிவிலக்குகள் உண்டு. வேர் அழுகல் தெரிந்தால் உடனே எடுத்து, கறுத்து வழவழக்கும் வேர்களைச் சுத்தமான கத்தரிக்கோலால் நறுக்கிப் புதிய கலவையில் வைக்க வேண்டும். கறுப்புப் பாலித்தீன் கவரில் வந்த செடி, கவர் கிழிந்து சாய்ந்தால், வேர்க்கட்டியை உடைக்காமல் கவரை மட்டும் அறுத்து எடுத்துத் தொட்டியில் இறக்கலாம். தொட்டி இப்போதிருப்பதைவிட ஓரிரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நாட்கணக்கில் ஈரமாகவே கிடந்து அழுகலை அழைக்கும்.

மாற்றும்போது அடியில் ஒரு சிறிய பிளாஸ்டிக் வலைக்கூடையோ துணிப்பையோ வேரை இறுக்கிக்கொண்டிருப்பதைக் காணலாம்; திசு வளர்ப்பு நாற்றுகள் பலவும் அப்படியே வருகின்றன. வேருக்குச் சேதமில்லாமல் வெட்டி எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் இரண்டு மூன்று இடங்களில் நறுக்கி விட்டுவிடுங்கள். கலவைக்கு நான் பயன்படுத்துவது: கோகோபீட் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் அல்லது சலித்த கரடுமுரடான ஆற்று மணல் ஒரு பங்கு, கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. தோட்டத்துச் செம்மண் வீட்டுக்குள் மெதுவாகவே உலரும் என்பதால் அதைத் தவிர்க்கிறேன்.

9. நர்சரிக்காரரே புதுத் தொட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டார். திரும்பவும் எடுக்க வேண்டுமா?

எடுக்க வேண்டாம். அடித்துளை அடைபடாமல் இருக்கிறதா என்று மட்டும் ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். வேர் கலைந்திருக்கும் என்பதால் பழகும் காலத்தில் இரண்டு வாரங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

10. எந்தத் தண்ணீர் ஊற்றலாம்? ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் நீர் வீணாகிறதே, ஏசி தண்ணீரும் சொட்டுகிறதே?

ஆர்.ஓ. கழிவு நீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்றாதீர்கள். உங்கள் குழாய் நீரிலுள்ள உப்பையெல்லாம் திரட்டி வெளியேற்றிய நீர் அது. தொட்டியில் உப்பு வெளியேற வழியில்லாததால் சேர்ந்துகொண்டே போகும். வாசல் கழுவவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துங்கள். ஏசியிலிருந்து சொட்டுவது காற்றின் ஈரம் குளிர்ந்த நீர் என்பதால் அதில் உப்பு அநேகமாக இல்லை. வாளியில் பிடித்து, அறை வெப்பத்துக்கு வந்ததும் தாராளமாக ஊற்றலாம். மழைநீர் எல்லாவற்றிலும் மேல்.

ஆழ்துளைக் கிணற்று நீர் மட்டுமே உள்ளவர்கள், தொட்டி விளிம்பில் வெள்ளைப் பூச்சு படிவதைக் கவனித்திருப்பீர்கள். மாதம் ஒருமுறை நல்ல நீரைத் தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு ஊற்றி வழியவிட்டால் உப்பு கழுவப்படும். டிரசீனா, ஸ்பைடர் பிளான்ட் ஆகியவற்றுக்கு ஃபுளோரைடும் ஆகாது. இலை நுனி பழுப்பாகக் கருகும். ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பதற்கென்றே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தவர்கள், அந்த இரு செடிகளுக்கும் நிலத்தடி நீரைத் தவிர்ப்பது நல்லது.

11. வந்ததும் மற்ற செடிகளோடு சேர்த்து வைக்கலாமா? வேறு அறையில் வைக்கச் சொல்கிறார்களே?

அவர்கள் சொல்வது சரி. இரண்டு மூன்று வாரங்கள் தனியே வையுங்கள்; வேறு அறை இல்லாவிட்டால் ஐந்தாறு அடி இடைவெளியாவது தேவை. வாங்கும்போது கண்ணில் படாத முட்டைகள் பொரிந்து வெளிப்பட அந்த அவகாசம் போதும். பெரும்பாலும் வருபவை மூன்று: இடுக்குகளில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சி, தண்டில் பழுப்புப் பொட்டு போலத் தெரியும் செதில் பூச்சி, இலையடியில் மெல்லிய நூலாம்படையும் மேலே ஊசிக் குத்துப் புள்ளிகளும் காட்டும் சிலந்திப் பேன்.

சில பூச்சிகள் மட்டுமே என்றால், மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தெடுக்கலாம். பரவியிருந்தால் குழாயடியில் இலைகளின் இருபுறமும் கழுவி, ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், கலப்பதற்கு ஓரிரு மில்லி மென்மையான திரவச் சோப்பு என்ற அளவில் மாலை நேரத்தில் தெளியுங்கள். முதலில் ஓர் இலையில் தெளித்து ஒருநாள் பொறுத்துப் பார்ப்பது அவசியம். வாரம் ஒருமுறையாக மூன்று முறை தெளித்தால்தான் பின்னர்ப் பொரிப்பவையும் அகப்படும்; ஒருமுறையோடு நிறுத்துபவர்களே அடுத்த மாதம் திரும்ப வருகிறார்கள்.

12. செடி சோர்ந்திருக்கிறது, கொஞ்சம் உரம் போட்டால் தெம்பாகுமா? அரிசி கழுவிய நீர் ஊற்றலாமா?

புதுச் செடிக்கு உரம் தெம்பு தராது. சோர்வுக்குக் காரணம் பசியல்ல, வேரும் இலையும் புதிய இடத்துக்கு ஈடுகொடுக்க முடியாமை. அந்த நிலையில் போடும் உரம் மண்ணில் உப்பாகத் தங்கி வேரைச் சுடும். போதாததற்கு, நர்சரியில் போட்ட மெதுவாகக் கரையும் உர மணிகள் பல தொட்டிகளில் ஏற்கனவே இருக்கும். மேல்மண்ணில் சிறு மஞ்சள் உருண்டைகளாகத் தெரிபவற்றைப் பூச்சி முட்டை என்று பயந்தவர்களும் உண்டு. 3ஆம் பதிலில் சொன்ன அந்தச் சான்றிலை வந்தபின், மண்புழு உரம் ஒரு பிடியோ, திரவ உரமென்றால் குறிப்பிட்ட அளவில் பாதியோ கொடுக்கத் தொடங்கலாம்.

அரிசி கழுவிய நீர், தேயிலைச் சக்கை, புளித்த மோர் ஆகியவை மொட்டை மாடித் தோட்டத்துக்குச் சரி. வீட்டுக்குள் அவை நாற்றத்தையும், ஈர மண்ணைச் சுற்றிப் பறக்கும் சிறு கறுப்புக் கொசு போன்ற பூச்சிகளையும் கொண்டுவரும்.

13. ஏசி அறையில் வைக்கலாமா?

வைக்கலாம், குளிர்காற்று நேராக இலைமேல் படாமல். ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடுவதால் கலாத்தியா போன்ற மெல்லிலைச் செடிகளின் ஓரம் கருகும். ரப்பர் செடி, அக்லோனிமா, ஸ்நேக் பிளான்ட் பொறுத்துக்கொள்ளும். இலைமேல் நீர் தெளிப்பதால் கிடைக்கும் ஈரம் சில நிமிடங்களில் போய்விடும் என்பதால் அதை நம்பாதீர்கள்.

14. இணையத்தில் வாங்கிய செடி பெட்டிக்குள் ஐந்து நாள் இருந்து வந்திருக்கிறது. அதற்கும் இதே முறைதானா?

அதே முறைதான், ஒரு படி மென்மையாக. ஐந்து நாட்கள் இருட்டில் இருந்ததை முதல் மூன்று நாட்களுக்குச் சன்னலிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, பிறகு 4ஆம் பதிலில் சொன்ன இடத்துக்குக் கொண்டு வாருங்கள். மண்ணில்லாமல் வேரோடு மட்டும் வந்திருந்தால் காத்திருக்க வழியில்லை. ஒரு மணி நேரம் வேரை நீரில் நனைத்து, அன்றே நடுங்கள்.

15. பக்கத்து வீட்டிலிருந்து கிள்ளி வந்த மணி பிளான்ட் பாட்டிலில் நன்றாக வளர்ந்தது. மண்ணில் வைத்ததும் வாடிவிட்டது. திருடி வளர்த்தால்தான் வரும் என்கிறார்களே?

பசிபிக் பெருங்கடலின் மூரியா தீவிலிருந்து உலகமெங்கும் பரவிய கொடி, நம் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு வாங்கினால் மட்டும் கோபித்துக்கொள்ளும் என்று தோன்றவில்லை. கேட்டே வாங்குங்கள்.

வாடியதற்குக் காரணம் வேர். நீரில் உருவான வேர்கள் நீருக்கென்றே அமைந்தவை; மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சப் புதிய வேர்கள் வர வேண்டும். பாட்டிலில் வேர் இரண்டு மூன்று அங்குலம் வளர்ந்ததுமே மண்ணுக்கு மாற்றினால் எளிதில் பழகும். ஓராண்டு நீரிலேயே கிடந்ததை மாற்றுவது கடினம். மாற்றியபின் முதல் இரண்டு வாரங்களுக்கு மட்டும் 6ஆம் பதிலில் சொன்ன விரல் சோதனையை ஒதுக்கிவிட்டு, மண்ணை எப்போதும் ஈரமாக வைத்திருங்கள். பாட்டிலிலேயே வைத்திருக்க விரும்பினால் வாரம் ஒருமுறை நீரை மாற்றுங்கள். கொசுவைப் பற்றிய எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

16. வீட்டில் தவழும் குழந்தையும் பூனையும் இருக்கின்றன. எந்தச் செடி ஆகாது?

மணி பிளான்ட், சிங்கோனியம், அக்லோனிமா, பீஸ் லில்லி, டிஃபன்பேக்கியா ஆகிய யாவும் நம் சேப்பங்கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றில் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். சேம்பு அரியும்போது கை அரிப்பதும் இதனால்தான். இவற்றைக் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சைகஸ் என்ற பனை போன்ற செடி நாய், பூனைகளின் உயிருக்கே ஆபத்தானது என்பதால் அது வேண்டாம். அரிக்கா பாம், ஸ்பைடர் பிளான்ட், கலாத்தியா ஆகியவை பாதுகாப்பானவை. குழந்தை எதையாவது மென்றுவிட்டால் வாயைக் கழுவி, செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

17. காற்றைச் சுத்தப்படுத்தும் என்று நாசா சொன்னதாகச் சொல்லி விற்றார்கள். பழகியதும் சுத்தப்படுத்தத் தொடங்குமா?

நாசாவின் ஆய்வு உண்மை. 1989இல் வெளியான அது, சிறிய மூடிய பெட்டிகளுக்குள் செடிகளை வைத்துச் செய்யப்பட்டது. கதவும் சன்னலும் உள்ள நம் வீட்டில் காற்று தானாகவே மாறிக்கொண்டிருக்கிறது. அந்த மாற்றத்தின் அளவுக்குச் செடிகள் வேலை செய்ய வேண்டுமென்றால், ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும் என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பீடு கணக்கிட்டது. கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்பதற்காக வாங்குங்கள். காற்றுக்குச் சன்னலைத் திறந்து வையுங்கள்.

18. வாங்கி நான்கு மாதமாகிறது. சாகவும் இல்லை, வளரவும் இல்லை. பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

இல்லை. ஒளியில் தயாரிக்கும் உணவும், சுவாசத்தில் செலவாகும் உணவும் சரிக்குச் சரியாக இருக்கும் ஓரிடத்தில் அது நிற்கிறது. இசட்.இசட். செடியின் மண்ணடிக் கிழங்கும், ஸ்நேக் பிளான்ட்டின் சதைப்பற்றான இலையும் சேமிப்பை வைத்து மாதக்கணக்கில் ஓட்டும் என்பதால், இருட்டான கூடத்தில் இவை நன்றாக இருக்கின்றன என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த நிலையில் வழக்கம்போல் தண்ணீர் ஊற்றினால் ஒருநாள் திடீரென்று சரியும்.

சன்னலை நோக்கி வாரத்துக்கு ஓரடியாக நகர்த்துங்கள். ஒரேயடியாக வெயிலில் வைத்தால், நிழலுக்குப் பழகிய இலைகள் வெளுத்துக் கருகும். நகர்த்த இடமில்லையென்றால், 12 முதல் 15 வாட் வரையிலான சாதாரண வெள்ளை எல்.இ.டி. விளக்கைச் செடிக்கு ஓரடி மேலே தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடலாம். ஒரு செடியை ஒரு வாரம் கூடத்திலும் ஒரு வாரம் பால்கனியிலுமாக மாற்றி மாற்றி வைக்கும் வழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. 2ஆம் பதிலில் சொன்ன இலை மாற்றத்தை ஒவ்வொரு வாரமும் புதிதாகத் தொடங்கச் சொல்வது போலாகிவிடும்.

19. எல்லாம் செய்தும் செத்துவிட்டது. அதே செடியைத் திரும்ப வாங்கலாமா?

வாங்கலாம், அதற்குமுன் செத்த செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து எடுத்து, வேரைக் கழுவிப் பாருங்கள். வேர் கறுத்து, இழுத்தால் மேல்தோல் உறை போலக் கழன்று நூல் மட்டும் மிஞ்சினால், தண்ணீர் அதிகம் அல்லது ஒளி குறைவு. இந்த இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். வேர் வெளிறி முறுமுறுவென்று ஒடிந்து, கட்டியின் நடு உலர்ந்திருந்தால் 7ஆம் பதிலைப் படியுங்கள். வேர் நன்றாகவே இருந்து மேற்பகுதி மட்டும் கருகியிருந்தால், வெயிலோ ஏசியோ பூச்சியோ காரணமாக இருக்கும். தண்டை நகத்தால் கீறி, உள்ளே பச்சை தெரிந்தால் அது இன்னும் சாகவில்லை. உலர்ந்த பகுதியை வெட்டிவிட்டு ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள்.

வேர் அழுகிச் செத்த தொட்டியின் மண்ணை அடுத்த செடிக்குப் பயன்படுத்தாதீர்கள். தொட்டியைச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். அடுத்த முறை அதே வகையில் சிறிய செடியாகப் பார்த்து வாங்குங்கள்; விலையும் குறைவு, நான்கு அங்குலத் தொட்டியில் வரும் இளஞ்செடி மூன்றடி வளர்ந்த செடியைவிட விரைவில் பழகியும் விடும்.